கல்லு டீச்சரின் கற்பூரம்

“சாமி, அந்தத் தட்டைக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. கண்ணு கூசுது.”

வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிறார்களே என்று ஆரத்தித் தட்டைப் பிராகாரத்துக்கே கொண்டுவந்த திருப்பாச்சூர்க் குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். கற்பூரத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொன்ன பக்தரை அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. சொன்னவரோ சுவரை ஒட்டித் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் இருந்த டார்ச்சைக் கல்லோடு கல்லாகச் சாய்த்துப் பிடித்து, அடிவரிசையில் தேய்ந்து கிடந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தூங்குமாம், பக்கவாட்டில் அடித்தால்தான் எழுந்து உட்காருமாம். பத்திரிகைக்கு எழுத அவரோடு அலைகிற என்னைக் குருக்கள் பரிதாபமாகப் பார்த்தார். நான் அவசரமாக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒற்றிக்கொண்டேன்.

இவர்தான் குணசுந்தரி. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறார். சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. வடக்கே ஆந்திர எல்லை, கிழக்கே பழவேற்காடு ஏரி, இதற்குள் ஓர் ஊர் பாக்கியில்லாமல் அலைகிறார். இந்த வட்டாரத்து ஜனங்கள் தண்ணீரை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வயல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மீன் பிடிக்கும் உப்புத் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். “தண்ணி யாரு ஊட்டுப் பக்கம் போச்சுன்னு பாத்தா போதும் சார், ஊரு இன்னா லட்சணம்னு தெரிஞ்சுடும்” என்பார். வகுப்பறையில் இலக்கணசுத்தமாகப் பேசுகிறவர், ரயில் ஆவடியைத் தாண்டியதும் திருவள்ளூர் பாஷைக்கு மாறிவிடுவார். அவரை ஊர் ஊராக ஏற்றிப் போகும் லாரி டிரைவர்கள் வைத்திருக்கும் பெயர் கல்லு டீச்சர்.

நாற்பதைத் தாண்டிய உருவம். கெட்டி நூல் புடவை, கேன்வாஸ் ஷூ, ஆம்பளைக் கடிகாரம். முந்தானையில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். முழத்துக்கு ஒரு முடிச்சு. குளத்துப் படிக்கட்டு, மதகு, படகு, கோயில் தூண், எதைக் கண்டாலும் முந்தானையை உருவி அளக்க ஆரம்பித்துவிடுவார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறதென்று சர்வேக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்த அதே வயலில், எதிர்ப்பக்கத்திலிருந்து இவர் முந்தானையைப் போட்டு வாய்க்காலை அளந்துகொண்டே வந்திருக்கிறார். நடுவயலில் சந்தித்துக்கொண்டார்கள். “நீங்க எந்த டிபார்ட்மெண்டும்மா?” என்று சர்வேயர் கேட்க, “சரித்திர டிபார்ட்மெண்ட். உங்களுக்கு முன்னாடி வந்தவங்க” என்றாராம். அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் சல்யூட் அடித்திருக்கிறார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு வந்தது ஒரே ஒரு தடவை. “மாப்பிள்ளைங்க வந்தாங்க சார், வராம இல்ல. வந்தவனெல்லாம் திங்கக்கெழம காலைல மாதிரியே இருந்தான். இன்னா பண்றது?”

பை ஒன்று எப்போதும் தோளில் தொங்கும். அதன் உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம். ஏனென்றால் எளாவூர் செக்போஸ்ட்டில் அரிசி கடத்துகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்த காவலர் ஒருவர், ஒரு லாரியின் முன்சீட்டிலிருந்து எங்களை இறக்கி, அந்தப் பையை என் கண்ணெதிரே கவிழ்த்துக் கொட்டினார். டார்ச், பிரஷ், கல்வெட்டைப் படியெடுக்கும் தாள், அதற்கான கரி மை, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. கரி மையை மோந்து பார்த்த காவலரின் மூக்கு கறுத்துப் போனது. “இது இன்னாம்மா?” என்றார். குணசுந்தரி நடுரோட்டில் அரைமணி நேரம் கல்வெட்டு வகுப்பு எடுத்தார். எங்களுக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசை கட்டி நின்றன. கடைசியில் காவலர், “எங்க ஊர்லகூட ஒரு கல்லு கீதும்மா, வந்து பாக்குறியா?” என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்த வேர்க்கடலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்தில் அவர் வீட்டாருக்கு நெல் வயல் உண்டு. அப்பா போனதும் அண்ணன்மார் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, இவரும் ஒரு பாயை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “நீ எதுக்கும்மா இங்க?” என்றார்கள். “எனக்குப் பங்கு இல்லியான்னு கேக்க.” அண்ணன்மார் வெகுகாலம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் கிணற்றோரம் ஒரு மணல் துண்டை எழுதிக் கொடுத்தார்கள். அதில் நெல் விளையாது. வேர்க்கடலை பிரமாதமாக விளைகிறது. போகிற ஊரிலெல்லாம் பெண்களுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்து, “எம் பங்கு. துன்னுங்க” என்பார். அவருடைய பெண்ணுரிமைப் பிரசங்கம் இவ்வளவுதான். இதைச் சாப்பிட்டுவிட்டு எத்தனை பெண்கள் வீட்டில் போய் எத்தனை அண்ணன்மாரைக் கேள்வி கேட்டார்களோ தெரியாது. சில ஊர்களில் அண்ணன்மார் இவரைக் கண்டாலே பாதை மாறிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது ஏரிக்கரைச் சங்கதிக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம். பெயரைப் போடக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு நல்ல இடம், சுமாரான இடம், மட்டமான இடம் என்று உண்டு. அவற்றைப் ‘பாடு’ என்கிறார்கள். வருஷத்துக்கொரு முறை கங்கையம்மன் சன்னதியில் சீட்டுப் போட்டு, எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று முடிவு செய்வார்கள். வீட்டுக்கொரு அடையாளப் பொருளைப் பானையில் போடவேண்டும். சங்குத் துண்டு, சோழி, பனங்கொட்டைச் சில்லு, இப்படி ஏதாவது. குப்பத்துப் பெரியவர் அருணகிரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வருவதற்கு முகத்துவாரத்துப் பாடு. கடலிலிருந்து இறால் நுழைகிற வாசலே அதுதான்.

இதையெல்லாம் அருணகிரி பெருமையோடு குணசுந்தரிக்கு விளக்கியிருக்கிறார். “கற்பூரம் ஏத்திட்டா அப்பால அது அம்மா பேச்சு, டீச்சரம்மா. பெரியவன் சின்னவன் கெடியாது. அந்த வருசத்துக்கு மறுசீட்டு கெடியாது. எங்க பாட்டன் காலத்துலேந்து அப்பிடித்தான்.”

“பொம்பளைங்க, நைனா?”

“பொம்பளைங்க சீட்டாண்ட வரவே கூடாது.”

“புருசன் செத்துட்டா அந்த ஊட்டுப் பாடு?”

“அது போச்சு.”

அப்படிப் போனதுதான் செல்லியம்மாளின் பாடு. புருஷன் காய்ச்சலில் இறந்த அந்த வருஷமே அவன் வருஷா வருஷம் பானையில் போட்டுவந்த பித்தளைப் பொத்தானை, இனி வேண்டாமென்று அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து முழங்கால் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். ஒரு நாள் குணசுந்தரியைக் கரையோரமாக அழைத்துப் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொத்தானைக் காட்டினாள். “வலை கீது டீச்சர். கட்றதுக்கு எந் தம்பி கீறான். தண்ணியில ஒரு எடம்தான் இல்ல. நீ பெரியவராண்ட கேளேன்.”

கேட்டார். ஒரு தடவையல்ல, போகும்போதெல்லாம் கேட்டார். அருணகிரி நல்ல மனுஷர்தான், ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் பாறை. அவரைவிடப் பெரிய தடை பரசுராமன். குப்பத்திலேயே உரத்த குரல் அவனுடையதுதான். “இன்னிக்கு இவ வருவா, நாளைக்கு எல்லாப் பொம்பளையும் வருவா. டீச்சரு எழுத வந்தா எழுதிக்கினு போவட்டும். மறுபடி இதையே பேசுனா குப்பத்துக்குள்ளயே வுடக்கூடாது.” தாலுக்கா ஆபீஸில் போய்ச் சொன்னதற்கு, குப்பத்து வழக்கத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். கல்லூரியில் அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் பேராசிரியர், ஆராய்ச்சி வேறு, ஊர்வம்பு வேறு என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தரம் வாயைத் திறந்தால் குப்பத்துக் கதவே மூடிவிடும். செல்லியம்மாளுக்குப் பேச ஆளே இருக்காது. அந்த மாதம் முழுவதும் குணசுந்தரி வேர்க்கடலையைக்கூடச் சரியாக மெல்லவில்லை.

வருஷச் சீட்டுக்குச் சில நாள் இருக்கும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவு அடக்கமான குணசுந்தரியை நான் பார்த்ததில்லை.

“நைனா, பொம்பள நானு சீட்டப் பாக்கக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா எழுதணுமே. சும்மா வெளாட்டா ஒரு தபா போட்டுக் காட்டேன். எதையும் வுடாத, நெசமா செய்யிற மாதிரியே செய்யி.”

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விளையாட்டுத்தானே என்று பெண்களும் வரலாம் என்றார். ஏரிக்குப் போயிருந்த ஆண்களுக்குப் பதில் அவரவர் மனைவிகள் வீட்டு அடையாளத்தைக் கொண்டுவந்து பானையில் போட்டார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும். அந்தப் பெண்கள் சன்னதிக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று சீட்டுப் பானையைப் பார்ப்பதே முதல் தடவை. செல்லியம்மாளும் வந்து பொத்தானைப் போட்டாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பரசுராமன் எழுந்து ஓடிவந்தான், கூட இருந்த சில ஆண்களும் வந்தார்கள்.

“இவ எதுக்கு?”

“வெளாட்டுதானேடா. போடட்டும் வுடு. பேஜாரு பண்ணாத” என்றார் அருணகிரி. பரசுராமனும் தன் சங்குத் துண்டைப் பானையில் எறிந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றான்.

“இப்ப கற்பூரம் ஏத்துவோம்” என்று பெரியவர் வெறுங்கையால் ஜாடை காட்டினார்.

“ஜாடை வாணாம் நைனா. எதையும் வுடாதன்னு சொன்னேனே?”

“கற்பூரம் இல்லியேம்மா.”

“எங்கிட்ட கீது.”

தோள்பைக்குள் கை போனது. நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி வெளியே வந்தது. பெரியவர் அதை வாங்கினார், தட்டில் வைத்தார், கொளுத்தினார், அம்மன் முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷமாகச் செய்து பழகிய கை, எஜமானனைக் கேட்காமலே எல்லாம் செய்து முடித்துவிட்டது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, “சீட்டு எடுக்கசொல்ல யாரும் பேசக்கூடாது” என்றார். குணசுந்தரி முந்தானையை, முடிச்சோடு, வாய்க்குள் திணித்துக்கொண்டார். எவ்வளவு மரியாதை தெரிந்த டீச்சர் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

முதல் கை. சங்குத் துண்டு. “முகத்துவாரம்!” என்று கூவினார் பெரியவர்.

பரசுராமன் குதித்த குதியில் சன்னதி மணி ஆடியது. ஆண்டாண்டாக நாணல் மூலை என்கிற மட்டமான இடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த ஆள். பக்கத்திலிருந்தவனைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு சட்டென்று ஞாபகம் வந்து முகம் தொங்கிப் போயிற்று. “அடச்சே, வெளாட்டுல வந்து இன்னாத்துக்கு!”

சோழி வந்தது, சில்லு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் கை தட்டினார்கள். கற்பூரம் சுருங்கியபோது, வாயில் முந்தானையோடு குணசுந்தரி சத்தமில்லாமல் போய் இன்னொரு துண்டைத் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

“பொத்தான்! ரெட்டைப் பனைப் பாடு!”

கைதட்டல் இல்லை. பெரியவர் கண்கட்டை அவிழ்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். முதல் தரமான பாடு இல்லை, ஆனால் ஒரு வீடு பிழைக்கப் போதுமான பாடு.

“சரி சரி. வெளாட்டு முடிஞ்சுது. அவங்கவங்க சாமான எடுத்துக்குனு போங்க.”

“இன்னா முடிஞ்சுது?” என்றது ஒரு குரல். பெரியவரின் மனைவி தாயாரம்மாள். “கற்பூரம் எரிஞ்சுகினு கீது பாரு. அம்மாவ எழுப்பி வச்சுக்கினு வெளாட்டுன்னா இன்னா அர்த்தம்? அவளாண்டயே வெளாடுவியா நீ?”

அருணகிரி தட்டைப் பார்த்தார். அதில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தன் கையைப் பார்த்தார். “கை தானா பூடுச்சுடீ” என்றார் பரிதாபமாக. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். செல்லாது என்றது ஒரு கட்சி, அம்மா கோபித்துக்கொள்வாள் என்றது இன்னொரு கட்சி. பெரியவர் வியர்த்துப் போனார். “அப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டு, வர நாள்ல மறுசீட்டு...” என்று இழுத்தார்.

“மறுசீட்டா?” என்று ஓர் இடி இடித்தது. பரசுராமன்தான். முகத்துவாரம் தன் கையிலிருந்து நழுவுகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. “அதெப்பிடி நைனா? கற்பூரம் ஏத்துனா அம்மா பேச்சுன்னு நீதான சொல்லுவ? பாட்டன் காலத்து வழக்கத்த இன்னிக்கி மாத்துவியா நீ?”

“அப்ப செல்லியம்மா பொத்தான்?” என்றாள் தாயாரம்மாள்.

பரசுராமன் முகத்துவாரம் இருக்கும் திசையைப் பார்த்தான். செல்லியம்மாளைப் பார்த்தான். மறுபடியும் முகத்துவாரத்தைப் பார்த்தான். அவன் நெஞ்சுக்குள் நடந்த சண்டையைக் குப்பமே வேடிக்கை பார்த்தது. “பொத்தானும் அம்மா குடுத்ததுதான” என்றான் கடைசியில், அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே மெல்லிய குரலில்.

பெரியவர் அதுதான் சீட்டென்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அங்கே எழுந்த கூச்சலை என்னால் எழுத முடியாது. பெண்கள் குலவையிட்டார்கள். தாயாரம்மாள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடினாள். எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. பத்திரிகைக்காரன் என்பதை மறந்து, யாரோ ஒரு மீனவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் குறைவு. செல்லியம்மாள் மட்டும் நேராகத் தன் குடிசைக்குப் போய், கூரையில் செருகியிருந்த வலையை இறக்கி வந்து வெயிலில் விரித்துப் போட்டாள். எங்கெங்கே எலி கடித்திருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. நல்ல உச்சி வெயில். குணசுந்தரி வேர்க்கடலையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டு வந்தார். அந்த மாதம் விட்டதையெல்லாம் சேர்த்து மெல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஊத்துக்கோட்டைப் பக்கம் போகிறாராம். ஒரு கிராமத்தில் பொதுக் கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து இறைக்கிறார்கள், அந்த முறையில் பெண்களுக்கு இடமில்லையாம். “நீங்களும் வரீங்களா சார்?” என்றார், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் சாமி கும்பிடுகிறவர் இல்லை. கற்பூரம் கண்ணைக் கூசவைக்கும் என்கிறவர். கல்வெட்டுப் படிக்க டார்ச் வைத்திருக்கிறவர். உங்கள் பையை எளாவூரில் கவிழ்த்துக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அதில் கற்பூரம் எப்படி வந்தது?”

குணசுந்தரி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டார். பைக்குள் கைவிட்டு டார்ச்சை எடுத்தார். அந்தப் பட்டப்பகலில், கண்டக்டரும் மற்றவர்களும் திரும்பிப் பார்க்க, அதை என் கன்னத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, என் முகத்தைத் தேய்ந்த கல்வெட்டு மாதிரி ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.